ஆட்சேபக் கட்டத்தில் வசந்தியின் கையெழுத்து

பயிற்றுநர் வகுப்பில் அந்தக் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். தோற்ற ஆத்திரத்தில் ஸ்கோர் மேசைமீது பொய்ப் பழி போட்டு ஆட்சேபம் எழுதிக் கொடுத்த ஒரு பெண் கெப்டனின் கதை. கண்டியில் கூடைப்பந்துப் பயிற்சிக்கென்று வந்த யாரும் அதைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. கெப்டனைத் தெரிவு செய்யும்போது திறமையை மட்டும் பார்க்காதீர்கள், குணத்தையும் பாருங்கள் என்பதற்காகச் சொல்லப்படும் கதை அது. அதில் அந்தப் பிள்ளையின் கோச்சும் வருவார். மாணவி செய்த தவறுக்காகத் தலைகுனிந்து நின்ற ஒரு பாவப்பட்ட டீச்சர்.

அந்த டீச்சர் நான்தான். கதையில் எனக்குக் கிடைத்த அனுதாபத்தில் ஒரு துளிகூட எனக்கு உரியதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முப்பத்தோரு வருடம் விசிலும் கையுமாக நின்றவள் ஓய்வுபெற்ற பின் இளையவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னால், வென்ற கிண்ணங்களைப் பற்றி எழுதுவதுதான் வழக்கம். என்னிடமும் சில கிண்ணங்கள் உண்டு. அவற்றைத் துடைப்பதற்கு வேறு நாள் பார்த்துக்கொள்கிறேன்.

பிள்ளையின் பெயர் வசந்தி. வகுப்புகளில் யாரும் பெயர் சொல்வதில்லை. நான் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் சின்னம்மா வீட்டில் தங்கி எங்கள் பாடசாலைக்கு வந்தாள். உயரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மைதானத்தில் இறங்கினால் வாய் ஓயாது. யாரையும் திட்டமாட்டாள். "நீ பின்னுக்கு வா", "பயப்படாத, நான் இருக்கேன்", "கைய தூக்கிக்க" என்று பேசிப் பேசியே மற்ற நான்கு பேரையும் ஓட்டுவாள். நான் வெளியே நின்று காட்டுக்கத்தல் கத்துவேன். அதை அவள் உள்ளே கேட்கக்கூடிய சொல்லாக மாற்றிக் கொடுப்பாள். எங்கள் அணி என் பயிற்சியால் ஓடியது என்று ஊர் நினைத்தது. பாதிக்கு மேல் அவளால் ஓடியது.

அவளுக்கு ஓர் ஆசைதான் இருந்தது. மாகாண அணியில் ஆட வேண்டும். அந்த வருடப் போட்டிகள் முடிந்ததும் தெரிவு நடக்கவிருந்தது. வயதுக் கணக்கில் பார்த்தால் அதுதான் அவளுக்குக் கடைசி வருடம். தெரிவுக் குழுவில் இருந்தவர்களே அவளுடைய பெயரைக் குறித்து வைத்திருப்பதாக எனக்குத் தெரியும். அவளுக்கும் சொல்லியிருந்தேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அதற்கு முந்தைய வருடம் ஓர் ஆட்டத்தில் நடுவரைப் பார்த்துக் கத்தியபடி என் கதிரையை உதைத்தேன். அது உருண்டு மைதானத்துக்குள்ளே போய்விட்டது. வலய விளையாட்டு அதிகாரி மறுநாள் கூப்பிட்டு, "இன்னொரு தடவை உங்கள் பெயர் என் மேசைக்கு வந்தால், பிறகு வேலிக்கு வெளியே நின்றுதான் ஆட்டம் பார்ப்பீர்கள்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிற மனிதர்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள், அரையிறுதி. எதிரே நகரத்துப் பெரிய பாடசாலை. காலையில் பெய்த மழையில் நனைந்த தரையை இரண்டு பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து துடைத்து ஆட்டம் தொடங்கும்போது பதினொரு மணி. எதிர்ப்பக்கத்து ஆதரவாளர்கள் மேளமும் தகரமுமாக வந்திருந்தார்கள். பக்கத்தில் நின்று பேசினாலும் கேட்காது. கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு புள்ளி முன்னால் நாங்கள், ஒரு புள்ளி முன்னால் அவர்கள் என்று மாறி மாறிப் போனது.

அந்த நேரத்தில் எங்கள் பிள்ளை ஒருத்தி பக்கக் கோட்டருகே பந்தை வாங்கி உள்ளே வெட்டிக்கொண்டு போய்க் கூடையில் போட்டாள். பந்து வளையத்துக்குள் விழுந்ததை இந்தக் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஸ்கோர் பலகையில் எண் மாறவில்லை. நான் எழும்பிக் கத்தினேன். ஆட்டம் ஓடியது. ஒரு புள்ளியால் தோற்றோம்.

உண்மையில் அந்தப் பிள்ளை பந்தோடு புறப்படும்போதே ஓர் அடி கூடுதலாக வைத்துவிட்டாள், 'ட்ராவல்' என்கிற பிழை; அதற்குப் பிறகு விழுந்த கூடை கணக்கில் வராது. நடுவர் விசில் அடித்துவிட்டார். மேளச் சத்தத்தில் அவளுக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. கேட்காதது குற்றமில்லை. ஆனால் தொழில் தெரிந்த உங்களுக்கு இது விளங்கும்: கூடை கணக்கில் சேர்ந்திருந்தால் எதிரணி பந்தைப் பின்கோட்டிலிருந்து போட்டிருக்கும். அவர்கள் பக்கக் கோட்டிலிருந்து போட்டார்கள். நடுவரே பந்தை அங்கே கொண்டுபோய்க் கையில் கொடுத்தார். நேற்றுச் சேர்ந்த பிள்ளைகூட அதைப் பார்த்தால் புரிந்துகொள்ளும். நான் மைதானத்தைப் பார்க்கவே இல்லை. பலகையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன்.

ஆட்சேபம் என்றால் அந்தக் காலத்து விதிப்படி கெப்டன்தான் போக வேண்டும். ஸ்கோர் தாளின் அடியில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். நடுவர் தாளை மூடுவதற்கு முன் கெப்டன் அதில் கையெழுத்திட்டு, காரணத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கோச்சுக்கு அங்கே வேலை இல்லை. நல்ல நோக்கத்தோடுதான் அந்த விதியை வைத்திருப்பார்கள். பிள்ளைகள் பொறுப்பெடுக்கப் பழகட்டும் என்று நினைத்திருக்கலாம். என்னைப் போன்ற ஒருத்தி அதை எப்படிப் பயன்படுத்துவாள் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

வசந்தியைக் கூப்பிட்டேன். "போய் ஆட்சேபத்துல கையெழுத்துப் போடு. ரெண்டு புள்ளிய திருடிட்டாங்க."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். முகம் முழுவதும் வியர்வை. "மிஸ், அது ட்ராவல் மிஸ். விசில் அடிச்சாங்க. நான் கிட்டத்துலதான் நின்னேன்."

"எனக்குக் கேக்கல்ல."

"மேளச் சத்தம் மிஸ். எனக்குக் கேட்டுச்சு."

"நீ யாரு பக்கம் புள்ள? எங்க பக்கமா அவங்க பக்கமா? போய்ப் போடு. மத்தத நான் பாத்துக்குறேன்."

இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஒரு பிள்ளை உண்மையைச் சொன்னாள். அவளிடம் நான் பக்கம் கேட்டேன்.

அவள் போய்க் கட்டத்தில் கையெழுத்திட்டாள். காரணத்தை ஒரு தாளில் தமிழில் எழுதச் சொன்னார்கள். என் பெஞ்சுக்கே திரும்பி வந்து, முழங்காலில் கொப்பியை வைத்துக்கொண்டு, நான் சொல்லச் சொல்ல எழுதினாள். 'எமது அணி பெற்ற இரண்டு புள்ளிகளை ஸ்கோர் பதிந்தவர் வேண்டுமென்றே பதியாமல் விட்டார்.' 'வேண்டுமென்றே' என்ற சொல்லுக்கு முன் அவளுடைய பேனை நின்றது. "எழுது" என்றேன். அந்தச் சொல் இல்லாவிட்டால் அது சாதாரண ஆட்சேபம். தள்ளுபடி செய்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்தச் சொல்லால்தான் அது ஓர் ஆசிரியருடைய நேர்மைமீது போட்ட குற்றச்சாட்டு ஆனது.

ஸ்கோர் பதிந்தவர் நஸீர் சேர். வேறொரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தவர். சனி ஞாயிறுகளில் யார் கூப்பிட்டாலும் வந்து மேசையில் உட்காருவார். ஒரு எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் அன்று சோறு இறங்காத ஆள் என்று அவரைக் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட மனிதரைத் திருடன் என்று ஒரு பிள்ளையின் கையால் எழுதவைத்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எங்கள் பக்கத்து ஸ்கோர் கொப்பியைத் திறந்து பார்த்தேன். ஆட்டத்தில் இறங்காத பிள்ளைகளில் ஒருத்தி அதை எழுதுவாள். கடைசிப் பக்கத்தில் அந்த இரண்டு புள்ளிகளை எழுதி, கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் 'ட்ராவல்' என்று குறித்திருந்தாள். எங்கள் சொந்தக் கொப்பி. நஸீர் சேருடைய தாளும் எங்கள் கொப்பியும் ஒன்றையேதான் சொல்லின.

இதுவரைக்கும் நடந்ததை ஆத்திரத்தில் செய்த பிழை என்று நீங்கள் மன்னிக்கலாம். பஸ் அம்பிட்டியச் சந்தியில் வசந்தியை இறக்கிவிட்டபோது எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு நடந்தவை பிழையில்லை.

விசாரணை நான்கு நாள் கழித்து. ஆட்சேபத்தை வாபஸ் வாங்க ஒரு கடிதம் போதும். 'என் சொற்படிதான் கெப்டன் எழுதினாள், என் தவறு' என்று இரண்டு வரி. ஒவ்வொரு நாளும் அதை மனதுக்குள் எழுதினேன். எழுதும்போதெல்லாம் விளையாட்டு அதிகாரியின் சிரித்த முகம் நினைவுக்கு வந்தது. வேலிக்கு வெளியே நிற்கிற என்னை நானே பார்த்தேன். பிறகு எனக்கு நானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டேன். எங்களைப் போன்ற பாடசாலைகளை எப்போதும் ஏமாற்றத்தானே செய்கிறார்கள் என்று. சில நேரம் அப்படி நடந்ததும் உண்டு. நடந்த உண்மை ஒன்றை எடுத்து என் பொய்க்குப் போர்வையாகப் போட்டேன். அந்த வெட்கம் தனி.

விசாரணை நடந்தது ஒரு பாடசாலையின் ஆசிரியர் அறையில். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தலைவர், பழைய விளையாட்டு வீரர், நல்ல மனிதர். ஓரத்தில் நஸீர் சேர் மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த மூவருக்கும் தமிழ் தெரியாது. தலைவர் சிங்களத்தில் சொன்னார்: "பிள்ளை தன்னுடைய மொழியில் சொல்லட்டும். பயப்பட வேண்டாம். டீச்சர் எங்களுக்கு மொழிபெயர்ப்பார்."

ஆட்சேபம் எழுதவைத்தவளே மொழிபெயர்ப்பாளர். அந்த அறையில் யாருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை. நம்முடைய ஊரில் எத்தனை அலுவலகங்களில் நம் பிள்ளைகளுக்காக நாம் இப்படி நின்றிருக்கிறோம்? நம்பித்தானே நிறுத்துகிறார்கள்?

முதலாவது கேள்வி, விசில் கேட்டதா என்பது. நான் தமிழில் கேட்டேன்.

"கேட்டுச்சு மிஸ்" என்றாள் வசந்தி.

நான் மேசையைப் பார்த்து, மேளச் சத்தத்தில் சரியாகத் தெரியவில்லை என்று சொல்கிறாள் என்றேன். என் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. வசந்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்டியில் ஐந்து வருடம் பஸ்ஸிலும் கடையிலும் சிங்களம் கேட்டு வளர்ந்த பிள்ளை. நான் சொன்னது அவளுக்கு விளங்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இப்படியான ஓர் அறையில் எழும்பிப் பேசுகிற அளவுக்கு அவளுக்குச் சிங்களம் வராது என்று மட்டும் நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் நின்றேன்.

தலைவர் தாளைக் கையிலெடுத்தார். 'வேண்டுமென்றே' என்ற இடத்தில் விரலை வைத்தார். யாரோ அவருக்கு அதை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். "இந்தச் சொல்லை யார் எழுதச் சொன்னது என்று கேளுங்கள்."

கேட்டேன். "வசந்தி, இத யாரு எழுதச் சொன்னாங்கன்னு கேக்குறாங்க."

என் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. ஆட்டத்தில் பந்தைக் கொடுப்பதற்கு முன் வாங்குகிறவள் தயாரா என்று பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்களே சொல்லுங்க மிஸ்."

நான் மேசைப் பக்கம் திரும்பினேன். "தானாகவே எழுதியதாகச் சொல்கிறாள், சேர்" என்றேன் சிங்களத்தில்.

நஸீர் சேர் தலையை நிமிர்த்தினார். தலைவர் வசந்தியைப் பார்த்து, "அப்படியா பிள்ளை?" என்று சிங்களத்தில் நேரடியாகவே கேட்டார். வசந்தி இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யன்னலைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் போனது. அவள் ஆம் என்று தலையை ஆட்டினாள்.

என் வாய்க்குப் பூட்டுப் போட யாராலும் முடியாது என்று ஊரே சொல்லும். திறக்க வேண்டியிருந்த ஒரே நாளில் அது தானாகப் பூட்டிக்கொண்டது.

வெளியே வந்து வசந்தியைப் படிக்கட்டில் நிற்கச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். குழாயடியில் நஸீர் சேர் நின்றார்.

"டீச்சர், எனக்கு ரெண்டு பாஷையும் வெளங்கும்" என்றார். "அந்தப் புள்ள சொன்னதும் கேட்டிச்சு. நீங்க சொன்னதும் கேட்டிச்சு."

நான் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன்.

"நான் வாயத் தொறந்தா எனக்காகப் பேசுறன்னு நெனப்பாங்க. நீங்க பேசினா அது அந்தப் புள்ளக்காக. உள்ள டீ குடிச்சிக்கிட்டுத்தான் இருக்காங்க, இன்னும் எந்திரிக்கல்ல. போங்க டீச்சர். ரெண்டு நிமிசம்."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு சேர்" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு எத்தனையோ ஆட்டங்களில் அவர் மேசையில் இருந்தார். எங்கள் பாடசாலையின் புள்ளிகளை எப்போதும் போலச் சரியாகவே பதிந்தார். என்னோடு பேசியதில்லை.

தீர்ப்பு வந்தது. ஆட்சேபம் பொய். கெப்டன் நஸீர் சேரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த வருட மாகாணத் தெரிவுக்கு அவளைக் கூப்பிடக் கூடாது. மன்னிப்புக் கடிதத்தையும் நான்தான் சொல்லச் சொல்ல எழுதவைத்தேன். அழகான கையெழுத்து அவளுக்கு. அதிபர் காலைக் கூட்டத்தில் புதிய கெப்டனின் பெயரை அறிவித்தார். காரணத்தைச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆசிரியர் வரிசையில் நின்று நானும் கைதட்டினேன்.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா வந்தார். தோட்டத்தில் வேலைக்குப் போகாமல், காலை பஸ் பிடித்து, ஒரு பையில் போஞ்சியும் லீக்ஸும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என்னை அடிக்க வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஆசிரியர் அறை வாசலில் நின்று கும்பிட்டார்.

"டீச்சரம்மா, இவளால ஒங்களுக்குத்தான் தலகுனிவாப் போச்சுங்க. நாங்க இவள அப்பிடி வளக்கலீங்க. பொய் சொல்ற புள்ள இல்லீங்க இது. எப்பிடித்தான் புத்தி போச்சோ தெரியல. நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

வசந்தி பக்கத்தில் நின்றாள். அம்மாவின் சேலை நுனி அவள் கையில் இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவால்லைங்க" என்றேன் நான். "சின்னப் புள்ளதானே. நான் ஒண்ணும் நெனைக்கல்ல."

பையையும் வாங்கிக்கொண்டேன். அந்தப் போஞ்சியை அன்று சமைத்துச் சாப்பிட்டோம். எனக்குப் பசித்தது, சாப்பிட்டேன். பிற்காலத்தில் இரக்கமுள்ளவர்கள் சிலர், அந்த நாட்களில் தூங்கியிருக்கமாட்டீர்களே என்று என்னிடம் கேட்டதுண்டு. தூங்கினேன். வெட்கம் உடனே வரும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அது ஆண்டுக் கணக்கில் தாமதமாக வந்தது. வந்த பிறகு போகவில்லை.

வசந்தி பயிற்சிக்கு வருவதை நிறுத்தவில்லை. பாடசாலை முடியும்வரைக்கும் ஆடினாள். "மிஸ்" என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் என் கத்தலை நல்ல சொல்லாக மாற்றிக் கொடுக்கிற வேலையை விட்டுவிட்டாள். அப்போதுதான் மற்றப் பிள்ளைகள் அந்தக் கத்தலை நேரடியாகக் கேட்டார்கள். மூன்று பேர் அந்த வருடமே விலகினார்கள்.

அதற்குப் பிறகு என் அணி ஒருபோதும் ஆட்சேபம் கொடுத்ததில்லை. அந்தக் கட்டம் ஒவ்வொரு ஆட்டத்திலும் வெறுமையாகவே போனது. தோல்வியைப் பெருந்தன்மையோடு ஏற்கிற கோச் என்று எனக்குப் பெயர் வந்தது. அதற்காக ஒரு பாராட்டு விழாவில் பொன்னாடைகூடப் போட்டார்கள்.

இனி உங்களுடைய வகுப்புக்கு வருகிறேன். அந்தத் தலைவர் பிற்காலத்தில் பயிற்றுநர்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கினார். தலைமை என்ற பாடத்தில் இந்தக் கதையைச் சொன்னார். பாடசாலையைச் சொல்லமாட்டார், பெயரைச் சொல்லமாட்டார். அவ்வளவு நாகரிகமான மனிதர். "அந்த டீச்சருடைய முகத்தை நான் மறக்கமாட்டேன். தன் பிள்ளையின் பொய்யைத் தன் வாயாலேயே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது" என்பார். நான் அந்த வகுப்பில் இருந்திருக்கிறேன். ஒரு தடவையில்லை. வருடம் தவறாமல் மூத்த பயிற்றுநர் என்று முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். அவர் கதை சொல்லும்போது என்னைப் பார்க்கமாட்டார், என் மனம் நோகக் கூடாது என்று. இளைஞர்கள் குறிப்பெடுப்பார்கள். நானும் பேனையை அசைத்துக்கொண்டிருப்பேன். விசாரணை அறையில் சொன்ன பொய்கள் இரண்டு. வகுப்பறையில் சொல்லாமல் இருந்து சொன்ன பொய்கள் எத்தனை என்று எண்ணவில்லை.

ஓய்வுபெற்ற பிறகு முழங்கால் வலிக்காகப் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளினிக்கில் பெயரைக் கூப்பிட்ட நர்ஸ் என்னைப் பார்த்து, "மிஸ்!" என்றாள். வசந்தி. முன்தலையில் கொஞ்சம் நரை. என் கையைப் பிடித்து எழுப்பி, வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கதிரை போட்டாள். "முழங்கால ஆட்டாதீங்க மிஸ், நான் பிடிச்சிக்கிறேன்" என்றாள். அவள் காட்டிய அக்கறையைத் தாங்க முடியவில்லை. தேநீர் இடைவேளையில் கென்டீனுக்கு வரச் சொல்லி, முழுவதையும் சொன்னேன். கொப்பியில் பார்த்ததையும் சொன்னேன். அழுதேன். எனக்கு மன்னிப்பு வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

அவள் நான் அழுது முடியும்வரை பொறுத்திருந்தாள்.

"இத எனக்கு எதுக்கு மிஸ் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

குரலில் கோபமே இல்லை. மருந்துச் சீட்டில் எந்த மாத்திரை காலையில், எது இரவில் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் நான் தேடிப் போனது சுலபமான ஆளைத்தான்.

அடுத்த கிழமை தலைவரின் வீட்டுக்குப் போனேன். அன்று விசாரித்த மூவரில் அவர் ஒருவர்தான் உயிரோடு இருக்கிறார். கூடத்தில் இருத்தித் தேநீர் கொடுத்தார். சிங்களத்தில் சொன்னேன், ஒன்றையும் விடாமல். 'நீங்களே சொல்லுங்க மிஸ்' என்று அவள் சொன்னதை இந்தத் தடவை சரியாக மொழிபெயர்த்தேன். அவர் தன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "டீச்சர், நான் அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்கள்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "தமிழ் தெரிந்த ஒருவர் அந்த அறையிலேயே இருந்தார். அவரைக் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை" என்றார். அவருடைய கண்ணும் கலங்கியது. அவருக்கும் ஒரு பங்கு வெட்கத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். நஸீர் சேர் காலமாகிவிட்டார் என்பதை அவரிடமிருந்துதான் அறிந்தேன்.

ஆகவே தம்பி தங்கைகளே, நீங்கள் கேட்ட கதையைத் திருத்திக்கொள்ளுங்கள். பொய் சொன்னது கெப்டன் இல்லை. நீங்கள் அதை வேறு யாருக்காவது சொல்லியிருந்தால் அவர்களிடமும் போய்ச் சொல்லுங்கள். கெப்டனைத் தெரிவு செய்யும்போது குணத்தைப் பாருங்கள் என்ற பாடத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளை விசில் கேட்டது என்று சொன்னால் ஒரு மூச்சு விட்டு, அவள் சொல்வதைக் காதில் வாங்குங்கள். அந்த ஒரு மூச்சை நான் விடவில்லை. உங்கள் ஆத்திரத்துக்கு அவளைக் கையெழுத்திட வைக்காதீர்கள். வைத்துவிட்டால், டீ குடித்து முடிப்பதற்குள் திரும்பி உள்ளே போங்கள். பஸ் வரும், போகும்.

தலைவரிடம் சொல்லிவிட்டேன் என்று சொல்ல மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். வசந்தி வார்டு வாசலுக்கு வந்தாள். கேட்டுவிட்டு, "சரி மிஸ்" என்றாள். இதை எழுதப் போகிறேன், உன் பெயரைப் போடலாமா என்றேன். போடுங்க என்றாள். பிறகு நெடுநாளாக என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அன்று தலைவர் நேரடியாகக் கேட்டபோது ஏன் தலையை ஆட்டினாய், சிங்களத்தில் சொல்ல வராது என்றா?

"வரும் மிஸ்" என்றாள். "'மிஸ் சொன்னாங்க'ன்னு ரெண்டு வார்த்த. அது கூடவா வராது? மனசுக்குள்ள சொல்லியும் பாத்துக்கிட்டேன்."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

உள்ளே யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள். வாறேன் என்று கையைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் பாத்துக்குறேன்னு சொன்னீங்கல்ல மிஸ். நீங்க சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். நான் சொல்லிட்டா, அப்புறம் நீங்க சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காதே."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த அறையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் காத்திருந்தபோது அவளுக்கு வயது பதினாறு. எனக்கு முப்பத்தெட்டு.